புள்ளிக் கணக்கு

வியாழன்தோறும் பகல் ஒன்றரைக்கு
கட்டம் போட்ட கண்ணாடித் தாளோடு
பள்ளியின் பின்சுவருக்குப் போகிறேன்.
டர்பன், மெர்பேங்க். காற்று தென்மேற்கு.
பதினொரு தொட்டி. எட்டில் புகையிலை:
புகைப்பதற்கல்ல, புகையைப் படிப்பதற்கு.
மூன்றில் கிளாடியோலஸ், இந்த நாட்டின் சொந்தப் பூ;
மொட்டு வைக்குமுன்பே இலைநுனி
செங்கல் நிறத்தில் கருகி நிற்கிறது.

நான் தாவரம் படித்தவள் இல்லை. அலுவலக எழுத்தர்.
வருகைப் பதிவு, கட்டண ரசீது,
பிறகு என் மேசையின் கீழறையில் அந்த பிஸ்கட் டப்பா:
நாற்பத்திரண்டு இன்ஹேலர்கள்,
ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டி, பேனாவில் பெயர்.
கெர்ஷன் மூட்லி. லுங்கெலோ. எய்டன் பீட்டர்சன்.
தஷ்னி என்று இரண்டு பேர்; ஒருத்திக்கு நீல மை.
சில நாள் முதல் மணியடிக்குமுன்பே டப்பா காலி.

புகையிலைக்கு நோவு வந்தால் இப்படித்தான்:
வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிய விரலை
யாரோ இலைமேல் உதறியதுபோல்
வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளிகள்.
மூத்த இலையில் முதலில்.
நரம்பைத் தொடாமல், நரம்புகளுக்கிடையே.
தாளை மேலே வைத்துக் கட்டம் கட்டமாய் எண்ணுவேன்.
மூன்றாம் தொட்டி, ஐந்தாம் இலை, நூற்றுக்குப் பதினெட்டு.

போன மாதம் ஆலையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார்.
நல்ல மனிதர், தேநீருக்கு இரண்டு முறை நன்றி சொன்னார்.
"புழுவாக இருக்கலாமே?"
புழு ஓரத்தில் தொடங்கும், ஐயா. ஓட்டை போடும்.
தின்ற இடத்தில் எச்சம் விட்டுப் போகும்.
இது பச்சையைத் தின்றுவிட்டு
இலையை அப்படியே வைத்திருக்கிறது.
அவர் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார்.
எங்கள் கருவியில் நாள் சராசரி வரம்புக்குள்தான், அம்மா.

சராசரி.
இலைக்கு அது தெரியாது.
செவ்வாய்க்கிழமை பதினொன்றேகாலுக்கு வந்தது
செவ்வாய்க்கிழமை பதினொன்றேகாலுக்குத்தான் வந்தது.
வெயில் ஏறி இலைத்துளை எல்லாம் திறந்திருந்த நேரம்.
இடைவேளை. பிள்ளைகள் வாய் திறந்து ஓடும் நேரம்.

எட்டில் ஒரு தொட்டி தாங்கும் வகை, ஒப்பிட்டுப் பார்க்க.
எது வந்தாலும் பச்சையாக நிற்கும்.
போகும்போது அவர் அதைத்தான்
படம் எடுத்துக்கொண்டு போனார்.

அந்தச் செவ்வாய் பற்றி
நோட்டில் எழுதாதது ஒன்று உண்டு.
பதினொன்றுக்கு என் கைபேசி அடித்தது.
தவநேசன். என் கணவர். அந்த ஆலையில்தான்
பத்தொன்பது வருடமாக ஷிப்டு.
"பிள்ளைகளை உள்ளே வை" என்றார்.
ஏனென்று கேட்குமுன் போனை வைத்துவிட்டார்.
ஓடினேன். இடைவேளை இல்லை என்றால்
யார் கேட்கிறார்கள்; பாதிப் பேர் மைதானத்தில்.

அன்றிரவு சோறு போட்டேன். மீன் குழம்பு.
அவரும் பேசவில்லை, நானும்.
வீட்டுக் கடன் இன்னும் ஆறு வருடம்.

வியாழனன்று எண்ணினேன். நூற்றுக்கு நாற்பத்தொன்று.
காரணம் என்ற பத்தியில்
காற்றின் திசையை மட்டும் எழுதினேன்.
இலைமறை காய் என்பார்கள்.
மறைந்து நின்றது நாங்கள் இரண்டு பேர்.
இலை எதையும் மறைக்கவில்லை.

இப்போதெல்லாம் ஞாயிறு மாலை தவநேசன்
தானாகவே வந்து தொட்டிகளுக்குத் தண்ணீர் விடுகிறார்.
வேலிக்கு அப்பால் உயரத்தில் சுடர் எரிகிறது.
எண்ணிக்கையை அவர் கேட்பதில்லை.
மூன்றாம் தொட்டியருகே மட்டும்
வாளி காலியான பிறகும் நிற்கிறார்.
இருமல் வந்தால்
முகத்தைச் செடிக்கு மறுபக்கம் திருப்பிக்கொள்கிறார்.